தனிக் கிண்ணம்

— இன்னைக்கும் நீ எழுந்து வரல, உர்சுலா. சர்ச்சுல ஃபாதரோட சேர்ந்து நற்கருணை கொடுக்க நான் கையில அப்பத்தோட நிக்கிறேன். என் வரிசையில பாதி கிள்ளான் ஊரே வருது, என் பொண்டாட்டி மட்டும் பெஞ்சில உக்காந்திருக்கா.

— ரோட்டப் பாத்து ஓட்டுங்க, பேசில். முன்னால லோரி.

— லோரிய விடுலா. பாட்டுக் குழு தங்கமணி ஆன்டி நேராவே கேட்டுட்டாங்க. "உர்சுலா ஏன் மூணு வாரமா நற்கருணை வாங்கல, ஏதாச்சும் தப்பு நடந்துபோச்சா?"ன்னு. மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?

— நீங்க என்ன சொன்னீங்க?

— தலைவலின்னேன். அலாமாக், மூணு வாரமாவா தலைவலிக்கும்? பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டியது ஏதும் இருந்தா போய்ப் பண்ணிடு. என்னன்னு நான் கேக்க மாட்டேன்.

— அப்படி ஒண்ணும் இல்ல. எனக்குக் கோதுமை ஆகாது. அவ்வளவுதான்.

— அதான் கிறிஸ்மஸுக்கு முன்னயே டாக்டர் வயித்துக்குள்ள ஸ்கோப் விட்டுப் பாத்துச் சொல்லிட்டாரே. நீயும் ரொட்டி சானாய் விட்ட, மீ நூடுல்ஸ் விட்ட, பிஸ்கட் விட்ட.

— கிச்சாப், அந்த சோயா சாஸையும் விட்டேன். பெருங்காய டப்பாவுல 'தெப்போங் கண்டும்'னு சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. கோதுமை மாவாம்! அதையும் தூக்கிப் போட்டேன். சட்டி தனி, கரண்டி தனி. முடி கொட்டறது நின்னுச்சு, ஒடம்புல ரத்தம் ஏறுச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் வயிறு உப்பிக்கும். திங்கக்கிழமை எம்.சி. லீவு எடுத்துட்டுப் படுத்துக் கிடப்பேன். ஏன்னு யோசிச்சீங்களா?

— ஞாயித்துக்கிழமை உங்க அம்மா வீட்டுச் சாப்பாடு...

— அங்க வெறும் சோறும் மீனும்தான். அன்னைக்கு என் வாயில படற கோதுமை ஒண்ணே ஒண்ணுதான்.

— ஏய். சும்மா இரு.

— அப்பத்தக் கோதுமையிலதான் செய்றாங்க, பேசில்.

— அது ஆண்டவரோட உடம்புலா! அது எப்படி உன்ன...

— ஆண்டவர் மேல நான் பழி போடல. விசுவாசம் எனக்கு இருக்கு, என் குடலுக்கு இல்ல. அதான் வாங்காம இருந்து பாத்தேன். அப்புறம் எந்தத் திங்கக்கிழமையாச்சும் படுத்தேனா? நீங்கதானே ஆபீசுல கொண்டுபோய் விட்டீங்க?

— ஆமா... விட்டேன். இத முன்னாலயே சொல்றதுக்கு என்ன?

— நிச்சயமாத் தெரியாம அந்தப் பேச்ச வாயில எடுக்க மனசு வரல. பெஞ்சில உக்காந்திருக்கறப்ப அழுகையா வந்துச்சு.

— நகத்தளவு துண்டு. அதுவுமா செய்யும்?

— பொடி கூடக் கூடாதுன்னாரு டாக்டர்.

— அப்ப இனிமே வாங்கவே மாட்டியா?

— வாங்குவேன். விடறதா இல்ல. திராட்சை ரசம் மட்டும் வாங்கினாலும் அது முழு நற்கருணைதான். இப்ப நீங்க கார எடுக்கப் போனீங்கல்ல, அப்பவே ஃபாதர்கிட்ட பேசிட்டேன்.

— பேசிட்டியா? எல்லாருக்கும் ஒரு வழி, உனக்கு மட்டும் தனி வழியா? என்ன பேசுவாங்க?

— இப்ப மட்டும் பேசாமலா இருக்காங்க? பேசட்டும். ஃபாதர் சரின்னுட்டாரு. அவர் கிண்ணத்துல அப்பத்தக் கொஞ்சம் பிட்டுப் போடுவாரு, அது எனக்கு ஆகாது. அதனால எனக்குத் தனிக் கிண்ணம். அப்பம் தொட்ட கை அதுல படக்கூடாது. அத மட்டும் பிடிக்க ஒரு ஆள் வேணும்னாரு.

— யாரு பிடிப்பா?

— உங்க பேரச் சொன்னேன். அப்பதான் ஃபாதர் சொன்னாரு, இந்த மாசத்துக்கு அப்புறம் நற்கருணை கொடுக்க வரலன்னு நீங்க போன வாரமே சொல்லிட்டீங்களாம்.

— உர்சு... சொந்தப் பொண்டாட்டியே வாங்க வராத கையால ஊருக்கு எப்படிக் கொடுப்பேன்?

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

— கேட்டா என்ன சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு.

— தெரியும்.

— ஃபாதருக்கு என்ன பதில் சொன்ன?

— "அவர் வருவாரு ஃபாதர், அந்தக் கிண்ணத்த என் புருஷன்தான் பிடிப்பாரு"ன்னு சொல்லிட்டேன்.