நேற்று வந்த அப்டேட்

“அழுவாதடி. நேத்து வந்தத இன்னிக்கே திருப்பி அனுப்பிடலாம்.”

வில்லியனூரிலிருந்து மடுகரை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் போனில் இப்படிச் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். வந்தது விருந்தாளி இல்லை, கம்ப்யூட்டருக்கு வந்த அப்டேட். அதிலிருந்து மைக் வேலை செய்யவில்லை. கரியமாணிக்கத்தில் பத்து வருடமாக வீட்டிலேயே இருந்துவிட்ட அவர் மனைவிக்கு இன்னும் அரை மணி நேரத்தில் ஆன்லைன் இன்டர்வியூ. ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

“எல்லாம் அழிஞ்சிட்டா இன்னா பண்றது?”

“ஒண்ணும் அழியாது. அப்டேட் ஹிஸ்டரி உள்ள போ. நேத்து தேதி போட்டது எது?”

“மொதல்ல இருக்கறது.”

“அதுக்கு அன்இன்ஸ்டால் குடு. ரீஸ்டார்ட் பண்ணவான்னு கேக்கும், சரின்னு சொல்லு.”

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி வரும்வரை இருவரும் காத்திருந்தார்கள். நாங்களும்தான்.

“ஏங்க, பேசிப் பாத்தேன், என் குரல் கேக்குது!” பிறகு மெதுவாக, “அவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னுதான் பயமா இருக்குது.”

“எங்கிட்ட பேசற மாதிரி மட்டும் பேசிடாத. வேல உனக்குத்தான்.”

போனில் வெடித்த சிரிப்பு பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்டது.