வீராசாமி வரப்பில் நடந்த ஆண்டாளம்மாள்

பந்தலின் கீழ் திரண்டிருக்கும் பெற்றோரே, பெரியோரே, எங்கள் பள்ளிக்கு ஓடு சுமந்து தந்த தோள்களே! மாலை விழுமுன், சந்தனம் உலருமுன், மேசைமேல் விரித்திருக்கும் இந்த 1994ஆம் ஆண்டு வருகைப் பதிவேட்டைக் காண வாருங்கள். இதில் சிவப்பு மையில் ஒரு பொய் உறங்குகிறது: ‘இருளர் குடியிருப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் வரவில்லை. காரணம், பெற்றோரின் அக்கறையின்மை.’ எழுதியவர் வேறு யாருமல்லர். இன்று பணி நிறைவு பெறும் அன்புக்குரிய ஆசிரியை ஆண்டாளம்மாள். இதை முதலில் வாசியுங்கள் என்று எங்களைப் பணித்தவரும் அவரே.

அவ்வரி எழுதப்பட்ட மழைக்காலத்தில் ஒருநாள், நான்காம் வகுப்பில் கலவை வாக்கியப் பாடம். இணைப்புச் சொற்களை மனப்பாடம் செய்விப்பது அவர் வழக்கமன்று. ஒரு பிள்ளை கையில் நடந்ததைச் சொல்லும் பலகை. நடுவில் ‘ஏனென்றால்’ பலகை. அப்பால் நிற்கும் பிள்ளை காரணத்தைச் சொல்ல வேண்டும். ஏரி நிறைந்திருந்தது. மழைக்கால வெளிச்சம் தூக்கக் கலக்கத்தோடு வகுப்பில் மிதந்தது. “பயிர் சாய்ந்தது, ஏனென்றால் காற்றடித்தது” என்று பிள்ளைகள் கனவில் பேசுவதுபோல் முணுமுணுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அன்றுதான் வந்திருந்த இருளர் குடியிருப்புச் சிறுமி பாஞ்சாலியிடம் வந்தது ‘நான் வரவில்லை’ என்ற பலகை. காரணத்தையும் அவளே சொன்னாள்.

“கால்வாயில கழுத்து முட்டும் தண்ணி ஓடுது டீச்சர். வரப்பு மேல வந்தா வீராசாமி ஐயா தொரத்துறாரு. எங்கம்மா தெனமும் இட்டாந்து, திட்டு வாங்கிக்கினு திரும்பிப் போவுது. இன்னிக்கு அவரு இல்ல, அதான் வந்தேன்.”

ஒன்பது பெயரையும் நீக்கும் பட்டியல் அன்று மாலை அனுப்பப்பட இருந்தது. ஆண்டாளம்மாள் அதைக் கிழித்தார். தம் சிவப்பு வரியை அடித்து, அதன் கீழே பாஞ்சாலியின் சொற்களை அப்படியே எழுதிக் கையொப்பமிட்டார்.

மறுநாள் விடியலில் பனி மூடிய வரப்பில் முன்னால் ஒரு கறுப்புக் குடை. பின்னால் ஒன்பது பிள்ளைகள். நிலத்துக்காரர் வீராசாமி மோட்டார் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார்.

“இன்னா டீச்சர், என் வரப்பு இன்னா பஸ் ரோடா?”

“பஸ்ஸு வுடுற வரிக்கும் இதாங்க ரோடு. நீங்க வேணா டிக்கெட்டு கிழிங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். வீராசாமி சிரிக்கவில்லை, மறிக்கவுமில்லை. ஒன்பது பெயரும் பதிவேட்டில் நிலைத்தன. அன்று தொடங்கி எட்டு மழைக்காலம் அந்தக் குடை அவ்வழியே மிதந்தது. இப்போது அதன் பின்னே பதினான்கு பிள்ளைகள்.

பிழையைத் தம் கையாலேயே அடித்துத் திருத்திய பெருந்தகையீர்! முழங்கால் வலி நீங்கி, கண்ணொளி மங்காமல், பேரப்பிள்ளைகள் சூழ நெடுநாள் வாழ்க!

ஆனால் சபையோரே, நேற்று அந்த வரப்பின் தலைப்பில் முள் குவிந்துவிட்டது. “டீச்சருக்கோசரம்தான் வுட்டேன். இனிமே இன்னா?” என்கிறார் வீராசாமி. கால்வாயோ நிறைந்து ஓடுகிறது. ஆகவே உடன் பணிபுரிந்த ஆசிரியர்கள் ஐவரும் கையொப்பமிட்டுக் கேட்கிறோம்: இந்த வாழ்த்து மடலைச் சுவரில் மாட்டிவிட்டுக் கலைந்துபோகாதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரப்புக்கு வாருங்கள். முள்ளை அகற்றுங்கள். பதினான்கு பிள்ளைகளும் கடக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.