என்ஜினுக்கு அடியில் இருக்கும் தகடு

முதலில் நன்றாகக் கழுவ வேண்டும், சார். அடித்த பெயிண்ட் உரிந்து வருகிறது என்று புலம்புகிறவர்கள் எல்லாருமே கழுவாமல் அடித்தவர்கள்தான். பாத்திரம் தேய்க்கும் சோப்பு போதும். தேய்த்து, துவட்டி, வெயிலில் காயவைத்து, அதற்குப் பிறகு தின்னர் நனைத்த துணியால் ஒரு துடை. துடைத்த இடத்தில் அப்புறம் விரல் படக்கூடாது. விரலில் எண்ணெய்ப் பசை இருக்கும். எவ்வளவு யோக்கியமான ஆளாக இருந்தாலும் இருக்கும்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் கீழே நான், மாடியில் என் தங்கையும் அவள் புருஷனும். மாப்பிள்ளை பல் டாக்டர். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே பேசிப் பேசி, எதிராளியும் பதில் சொல்வான் என்கிற நினைப்பு அவருக்கு விட்டுப்போயிருந்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வருஷம் அவர் கல்லிலும் சேற்றிலும் ஓட்டுகிற மாதிரி ஒரு பைக் வாங்கினார். உயரமான பைக். அவருக்குக் கால் எட்டாது. சிக்னலில் நுனிவிரலால் சமாளித்துக்கொண்டு நிற்பார். அதன் என்ஜினுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு உண்டு. ஸ்கிட் பிளேட் என்பார்கள். பாதையில் துருத்திக்கொண்டிருக்கும் கல் என்ஜினில் மோதாமல், அந்த அடியை அது வாங்கிக்கொள்ளும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அந்தத் தகடு துருப்பிடித்து, சொறிநாய் மாதிரி ஆகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை சொன்னார்:

“மச்சான், லீவு நாள்ல நீங்க சும்மாதானே இருக்கீங்க. அதுக்கு ஒரு பெயிண்ட் அடிச்சுக் குடுங்களேன். உங்களுக்கும் பொழுது போகும்.”

எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. சும்மாதான் இருந்தேன்.

தகட்டைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்தேன். முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு கொஞ்சம் நைஸான உப்புத்தாள். ரொம்பவும் வழவழப்பாக்கிவிடக் கூடாது. பெயிண்ட் பிடித்துக்கொள்ள லேசான சொரசொரப்பு வேண்டும். அப்புறம் பிரைமர். அதன்மேல் இறுகவைக்கிற ஹார்டனர் கலந்த எபாக்ஸி பெயிண்ட், மெல்லிசாக ஒரு கோட், விட்டு விட்டு இன்னும் சில. அவசரப்பட்டுக் கெட்டியாக அடிக்கிறவனுக்கு அது மூக்குச்சளி மாதிரி வழிந்து நிற்கும். அவனுக்கு நன்றாக வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்றதும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். காய்வது வேறு, இறுகுவது வேறு. இறுக ஒரு வாரமாவது யாரும் கை வைக்காமல் விட வேண்டும்.

துணி உலர்த்த வந்த தங்கை, கம்பியில் தொங்கிய தகட்டைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“அண்ணா, இதுல மூஞ்சி பாத்துத் தலை வாரலாம் போல இருக்கே.”

சொல்லிவிட்டு உண்மையாகவே குனிந்து பார்த்தாள். கடையில் நான் தேய்க்கிற கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை, சார். அதன் வழியாக வேறு எதையோதான் பார்க்கிறார்கள். நான் செய்த ஒரு பொருளை ஒருவர் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அதை மாட்டிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்பி வந்தார். தகடு முழுக்கக் கீறல். நடுவில் ஓரிடத்தில் பெயிண்ட் பெயர்ந்து இரும்பு பல்லை இளித்தது.

“என்ன மாப்ள இப்படி?”

“அடிபடறதுக்குத்தானே மச்சான் அது இருக்கு,” என்று சிரித்தார். பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தால் பல்லின் எனாமல் போய்விடும் என்று ஊருக்கே வகுப்பெடுக்கிறவர்.

மறுபடி கழற்றினேன், மறுபடி அடித்தேன். மறுபடி அவர் அதைக் கல்லில் தேய்த்துக்கொண்டு வந்தார். அந்தத் தடவை அவரோடு வண்டி ஓட்டுகிற சிநேகிதர்களும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை என் தோளில் கை போட்டு, “இவர்தான் எங்க வீட்டு பெயிண்டர். சம்பளம் கிடையாது, சாப்பாடு மட்டும்தான்,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சாப்பாட்டையும் நான்தான் சமைக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. விருந்தாளிகள் முன்னால் எதற்கு. எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை.

மூன்றாவது தடவை அடித்தது அமைந்த மாதிரி என் வாழ்க்கையில் எதுவும் அமைந்ததில்லை. ஒரு தூசி இல்லை, ஒரு குமிழ் இல்லை. கொசு ஒன்று உட்கார வந்து, பார்த்துவிட்டு, மனசு மாறிப் போனது. வெயிலோ காற்றோ வேண்டாம் என்று அதை என் அறையிலேயே தொங்கவிட்டேன். தூங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். சிலர் டிவி பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

அது இறுகுவதற்குள் மாப்பிள்ளை வந்து வாசலில் நின்றார்.

“ஞாயித்துக்கிழமை மலைப்பாதைக்குப் போறோம் மச்சான். மாட்டி வச்சிடுங்க.”

“இன்னும் இறுகலை மாப்ள. அடுத்த வாரம் போங்களேன்.”

“உங்க பெயிண்ட் இறுகற வரைக்கும் மலை காத்துக்கிட்டு இருக்குமா?”

இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். மலைக்கு வேறு என்ன வேலை? ஆனால் வீட்டு மாப்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

யோசித்துப் பாருங்கள், சார். அவருக்கு வண்டிக்கடியில் ஒரு தகடு வேண்டும். எனக்கு என் தகடு வேண்டும். இரண்டு பேர் மனசும் நோகாமல் ஒரு வழி இருந்தது. ஓடாமல் கிடந்த பழைய வாஷிங் மெஷினின் பின்பக்கத் தகரம். கத்திரியாலேயே வெட்டலாம், அவ்வளவு மெல்லிசு. அளவு பார்த்து வெட்டி, முழங்காலில் வைத்து வளைத்து, துளை போட்டு, அதே நிறத்தில் வீட்டில் கிடந்த ஸ்ப்ரே பெயிண்ட்டை அதன் தலையில் அடித்தேன். பிரைமர் இல்லை, உப்புத்தாள் இல்லை. கழுவக்கூட இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருக்கிறது. வண்டியில் மாட்டிவிட்டு எட்ட நின்று பார்த்தால் அச்சு அசல்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கல் எங்கே மோதும், எவ்வளவு ஆழமாக மோதும் என்பதெல்லாம், அந்தக் கீறல்களைத் தேய்த்துத் தேய்த்து எனக்கு மனப்பாடம். அந்தத் தகரம் முதல் பெரிய கல்லுக்குத் தாங்காது என்று தெரியும். தெரிந்துதான் போல்ட்டை முடுக்கினேன். நன்றாகவே முடுக்கினேன், பாதி வழியில் கழன்று விழுந்தால் அவமானம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தங்கை ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

“நானும் போறேன்ணா. ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்கார்.”

இதைத்தானே நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஆமாம், அவளும் போகிறாள் என்று எனக்குத் தெரியும். தகரத்தைக் கழற்றிவிட்டு என் தகட்டை மாட்ட அதிக நேரம் ஆகாது. ஆனால் இறுகாத பெயிண்ட் மேல் போல்ட் வாஷரை வைத்து முடுக்கினால் நசுங்கிவிடும். நசுங்கின இடத்தைச் சரிசெய்ய முடியாது. மொத்தத்தையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பால் பொங்கி வருகிற வரைக்கும் இரண்டு பக்கத்தையும் நியாயமாகத்தான் எடைபோட்டுப் பார்த்தேன்.

“கெட்டியாப் பிடிச்சுக்கோ,” என்றேன். அக்கறை இல்லாத அண்ணன் அப்படிச் சொல்வானா?

மலையிலிருந்து இறங்கும்போது கல் மோதியது. தகரம் காகிதம் மாதிரிக் கிழிந்து, கல் என்ஜினின் அடியை உடைத்திருக்கிறது. உள்ளே இருந்த ஆயில் முழுக்கக் கொட்டி, பின்சக்கரம் அதிலேயே ஏறியது. வளைவில் வண்டி வழுக்கியது. தங்கை பாதைப் பக்கம் விழுந்தாள், இடுப்பெலும்பு உடைந்தது. மாப்பிள்ளை வண்டியோடு பள்ளத்தில் போனார். அவரை மேலே தூக்கி வர மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. தூக்கிய சிநேகிதர்கள், போன தடவை சிரித்தார்களே, அவர்கள்தான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் தங்கைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அவர் எப்பவும் அங்க மெதுவாத்தான் இறங்குவாராம்ணா. அன்னைக்குத்தான் வேகமா இறக்கினார். நான் பயந்து கத்தினேன். ‘மச்சான் கை பட்ட தகடு, பாறையே மோதினாலும் ஒண்ணும் ஆகாது’ன்னார். உன்னப் பத்தி எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிவார். உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. அடுத்த கரண்டியை ஊட்டினேன். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. என்னிடமே ஒரு தடவை அதைச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனுஷன்.

உங்கள் ஆள்கள் கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வண்டியைப் பரிசோதித்த மெக்கானிக் தகரத்தைத் திருப்பிப் பார்த்தபோது, துணி துவைக்கும் முறை என்று படம் போட்ட ஸ்டிக்கர் உள்பக்கம் அப்படியே இருந்ததாம். கழுவியிருந்தால் அதுவும் போயிருக்கும். சொன்னேனே.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். தகட்டைக் கழற்றியது நான். தகரத்தை மாட்டியது நான். அது கிழியும் என்று தெரிந்து மாட்டினேன். இரண்டு பேர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்று, வாசல் கேட்டையும் நான்தான் திறந்துவிட்டேன். கொன்றது நான்தான். காரணம் என்ற இடத்தில் கோபம் என்று போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் கோபப்படுகிற ஆளே இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

என் அறையிலிருந்து தகட்டை எடுத்து வந்த கான்ஸ்டபிள், நம்பர் எழுதின சீட்டைப் பெயிண்ட் மேலேயே பசை தடவி ஒட்டப் பார்த்தார். நல்லவேளை, சொன்னதும் கேட்டுக்கொண்டார். சீட்டைக் கயிற்றில் கட்டியிருக்கிறார். நாளைக்குத் தங்கையைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்து அதைக் காட்டப்போவதாகச் சொன்னீர்கள். காட்டுங்கள். அழுதால் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். என்மேல் அவளுக்கு வருத்தம் இருக்காது, சின்ன வயதிலிருந்தே என்னைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். தகட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று அண்ணன் சொல்லச் சொன்னான் என்று மட்டும் சொல்லுங்கள். சந்தோஷப்படுவாள்.