மாட்டுக்கு எடுத்த ஸ்கேன்

ஐயம்பேட்டையிலிருந்து பெரிய காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க மாட்டுக்கு ஸ்கேன் எடுத்தாச்சுக்கா, எனக்குத்தான் இன்னும் எடுக்கல” என்றாள் இளையவள்.

மூத்தவள் சிரித்தாள். “இன்னாடி சொல்ற?”

“மாடு ஏன் சினை புடிக்கலன்னு ஆராய்ச்சி பண்ற பொண்ணு மாசாமாசம் வந்துக்கினு இருக்குதில்ல? எப்ப பருவத்துக்கு வந்துச்சு, எத்தினி நாள் இருந்துச்சுன்னு கேக்கும். நானும் தேதியோட சொல்லுவேன். போன வாரம் நோட்டை மூடிட்டு, ‘உங்களுக்கு உடம்பு எப்படிக்கா இருக்குது?’ன்னு கேட்டுச்சு.”

“நீ இன்னா சொன்ன?”

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். “அழுதுட்டேன்கா. ஆறு மாசமா தீட்டு நிக்காம போய்க்கினே இருக்குது. தறியில உக்காரவே முடியல. யாரும் கேக்கல, நானும் சொல்லல. ‘நான் மாட்டு வைத்தியம்தான் படிக்கிறேன், நீங்க உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க’ன்னுச்சு அந்தப் பொண்ணு.”

“வீட்டுல சொல்லிட்டு வந்தியா?”

“மாட்டுக்கு மருந்து வாங்கப் போறேன்னு சொன்னேன்.”

மூத்தவள் இறங்க வேண்டிய மார்க்கெட் வந்ததும் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

“நீ போப்பா, நானும் ஆஸ்பத்திரிலயே இறங்கிக்கிறேன்” என்றாள்.