மூட்டையின் வம்சாவளியும் என் வாயில் இருந்த குச்சியும்

இதை எழுதிக்கொள்ளும் ஏட்டு அய்யா முதல், பிற்பாடு படிக்கப்போகும் பெரிய அதிகாரி வரை, நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே சத்தியம் செய்து சொல்கிறேன். சத்தியம் என்பது உண்மை சொல்வதற்காகச் செய்வது, யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்காகச் செய்வதில்லை என்று ஏட்டு அய்யா திருத்தினார். இரண்டுக்கும் சேர்த்தே செய்கிறேன்.

பெயர் கேட்டதற்கு, பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது, ஆணிவாயன் என்றால் தொட்டில் குழந்தைகூட எழுந்து வந்து வழி காட்டும் என்று சொன்னேன். தொழில், பழைய சோபாவுக்கும் நாற்காலிக்கும் புதுத் துணி போர்த்துவது. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும், மறு கை சுத்தியலைப் பிடிக்கும், ஆணிக்கு மூன்றாவது கை கிடையாது என்பதால் வாய்தான் அந்த வேலையைப் பார்க்கும். வயது நூற்றுப் பத்து என்றேன். அய்யா பேனாவை மூடி வைத்துவிட்டார். அறுபத்திரண்டு. பட்டறை மேம்பாலத்துக்குக் கீழே, சாவி வெட்டும் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. குடியிருப்பது எதிரே உள்ள அடுக்குமாடியின் தரைத்தளத்தில், அக்கா வீட்டில்.

அக்காவுக்கு இரண்டு காதும் கேட்காது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். என் உதட்டில் எப்போதும் ஆணி இருப்பதால், நான் பேசியதில் பாதி அவளுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. சேர்ந்தவரை அவள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான். "வாயில ஆணி இருக்கிறப்பதான்டா நீ உண்மை பேசுற. எடுத்தா போச்சு, ஆரம்பிச்சிடுவ."

அவளுக்குக் காதாக இருந்து வருவது மூட்டை. மூட்டை என்பது நாய். பழுப்பு நிறம், ஒரு காது நின்றிருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும், கால்கள் நான்கும் வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்தவை. குட்டியாக இருந்தபோது பட்டறையிலிருந்து துணி மூட்டைக்குள் வைத்து நான் கொண்டுவந்ததால் அந்தப் பெயர். வாசல் மணி அடித்தால் மூட்டை ஓடிப்போய் அக்காவின் புறங்கையை மூக்கால் இடிக்கும். குக்கர் கத்தினால் முழங்காலை இடிக்கும். குழாயை மூட மறந்தால் குழாயடிக்கும் அவளுக்கும் இடையில் நடந்துகொண்டே இருக்கும். யாரும் பழக்கவில்லை. இந்தப் பத்தியில் நான் ஒரு கடுகு அளவும் கூட்டிச் சொல்லவில்லை, அய்யா வேண்டுமானால் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம் என்றேன். போடவில்லை.

அதன் பிறகு, சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், மாடிப்படி அடியில் நாலு பேர் நிற்கும்போது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூட்டையைக் காலால் சுட்டிக்காட்டி, "இது என்ன ஜாதி நாய்? ஒண்ணும் இல்லாத தெருநாய்க்கெல்லாம் இங்க இடம் குடுக்க முடியாது சார்" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குனிந்து, மூட்டையின் மடிந்த காதைத் தன் உள்ளங்கையால் மூடினாள். அந்த நேரம் பார்த்து என் வாயில் ஆணி இல்லை.

ஆகவே ஆரம்பித்தேன். இதன் தாத்தா ஒரு தூர தேசத்துத் தீவின் சண்டை நாய் என்றும், கரடியோடு மூன்று பகல் மல்லுக்கட்டி, கடைசியில் கரடி காட்டையே அதன் பேரில் எழுதிவைத்துவிட்டு ஊரைக் காலி செய்தது என்றும் சொன்னேன். பாட்டி அசல் பனிமலை ஓநாய், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் இரண்டு பேரைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதற்குச் சம்மதித்தவள் என்று சொன்னேன். அப்பன் கப்பலில் காவல் இருந்தபோது குரைத்த குரைப்பில் ஒரு திமிங்கிலம் கரையேறி மன்னிப்புக் கேட்டது என்றேன். மூட்டை பிறந்ததே சிங்காசனத்தில், சிவப்பு வெல்வெட்டின் மேல் என்று முடித்தேன். செயலாளர் குறுக்கே பேசாமல் கேட்டார். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறினார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். எனக்கு நிஜமாகவே கால் முறிந்தபோதுகூட, கட்டைப் பிரித்துக் காட்டு என்று கேட்ட தெரு அது. என் ஆயுளில் அவர்கள் நம்பியது இந்த ஒரு கதையைத்தான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதன் பிறகு, சென்ற மாதம் மின்சார மீட்டர் பார்ப்பவர் வந்தார். நான் பட்டறையில் இருந்தேன். பிறகு மீட்டர்காரரும் அக்காவும் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். மணி அடித்திருக்கிறது, மூட்டை போய் அக்காவின் புறங்கையை இடித்திருக்கிறது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, கையைக் கழுவிவிட்டுப் போகலாம் என்று திரும்பாமல் நின்றிருக்கிறாள். கதவு திறந்திருந்ததால் மீட்டர்காரர் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்து, பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டிருக்கிறார். அக்கா பதறியதில் பாத்திரம் கீழே விழுந்தது. மூட்டை அவர் ஆடுசதையைக் கவ்விவிட்டது. தையல் போட்டார்கள். மீட்டர்காரர் நல்ல மனிதர். "நான் தொட்டிருக்கக் கூடாதுங்க. எங்க வீட்டு நாயா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருக்கும்" என்று என்னிடமே சொன்னார். ஆனால் நாய்க்கடி என்று வந்தால் ஆஸ்பத்திரியில் நகராட்சிக்குத் தகவல் சொல்லியாக வேண்டுமாம்.

அதன் பிறகு நகராட்சி வண்டி வலையோடு வந்தது. வந்தவர்கள், இது என்ன இனம் என்று கேட்டார்கள். செயலாளர் முன்னால் வந்து, தீவு, கரடி, ஓநாய் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். திமிங்கிலத்தையும் சிங்காசனத்தையும் மட்டும் விட்டுவிட்டார். தான் கட்டிய கதையை இன்னொருவர் எழுத்துப் பிசகாமல் சொல்லக் கேட்பது பெருமைதான். மூட்டையை வலை போட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு, நகராட்சிக் கால்நடை மருத்துவர் எங்களை அழைத்து விவரம் சொன்னார். ஆளைக் கடித்த நாய் தடை செய்யப்பட்ட சண்டை இனத்தின் கலப்பாகவோ, ஓநாய்க் கலப்பாகவோ இருந்தால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். இல்லையென்றால் கொஞ்ச நாள் காவலில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். நிறத்தையும் காதையும் பார்த்துக் கலப்பு நாயின் இனம் சொல்வது குறி சொல்வது போலத்தான், தொழில் தெரிந்தவர்களே தவறாகச் சொல்வார்கள், ஆகவே கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால், முன்னோர்களில் எந்தெந்த இனம் எவ்வளவு என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும் என்றார்.

அதன் பிறகு, குச்சி எடுக்கும் நாளில், மூட்டை கூண்டுக்குள் யாருக்கும் வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் என்னைச் செய்யச் சொன்னார். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு குச்சிகள் கொடுத்தார். இடது கையால் தாடையைப் பிடித்தேன். வலது கையால் முதல் குச்சியை வைத்துத் துடைத்தேன். இரண்டாவது குச்சி அப்போது எங்கே இருந்தது என்று ஏட்டு அய்யா கேட்டார். நான் அதை எங்கும் வைக்கவில்லை. அது தானாகவே போய், நாற்பது வருடமாக ஆணி எங்கே இருக்குமோ அங்கே, பஞ்சு உள்ளே இருக்க, இருந்துகொண்டது. மருத்துவர் சோதனைக் குழாயின் மேல் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து மூட்டையின் அடுத்த கன்னத்தில் துடைத்தேன். அவர் இரண்டையும் ஒரே குழாயில் போட்டு மூடினார். மூட்டை அவர் கையை நக்கியது.

அதன் பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெரியவரே, இதுல நாயை விட மனுஷன்தான் அதிகமா இருக்கான். யார் அது?" என்று கேட்டார். இனம் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று மருத்துவருக்கு மனது இருந்தது. ஆனால் செயலாளர், ஓநாய் ரத்தம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து நான் வேண்டுமென்றே கெடுத்ததாகப் புகார் கொடுத்துவிட்டார். வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே சோதனையைக் கெடுத்திருந்தால், நாய் தடை செய்யப்பட்ட இனம் என்றே வைத்துக்கொள்வார்களாம். இங்கே நான் அழைக்கப்பட்டது அதற்காகத்தான். மூட்டை போன நாளிலிருந்து அக்கா வீட்டில் வாசல் கதவைத் திறந்து வைத்து, எதிரே நாற்காலி போட்டு, கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். வேறு எந்த வேலையும் செய்வதில்லை. குக்கர் ஒன்று கருகிவிட்டது.

வேண்டுமென்றே கெடுத்தாயா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொன்னேன். உன் பேச்சை எதை வைத்து நம்புவது என்று ஏட்டு அய்யா கேட்டார். நியாயமான கேள்விதான், நானே நம்பமாட்டேன். அதற்குப் பிறகு, தாள்களை அடுக்குவதற்காக மேசையைக் காலி செய்தவர், குண்டூசிகளை என் கையில் கொடுத்து வைத்திருக்கச் சொன்னார். அடுக்கிக்கொண்டே, மூட்டையின் அப்பன் நிஜமாகவே எந்த இனம் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். இந்தச் சொல்லை என் வாயால் இதுவரை நான் சொன்னதாக நினைவில்லை. தெரியாது என்பதால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்றும், கரடியைப் பற்றி நான் சொன்னது பொய், ஆனால் அப்பன் ஒரு சண்டை நாயே இல்லை என்று சொல்லவும் என்னிடம் எதுவும் இல்லை என்றும், அப்படி இருந்தால் அதை நான் என் வாயாலேயே வரவழைத்தது போல ஆகிவிடும் என்றும் சொன்னேன்.

தெளிவாகப் பேசும்படி ஏட்டு அய்யா சொன்னார். இன்று என்னோடு கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மேசையைத் தட்டினாள்.

"அவன் வாயைப் பாருங்க சார். உங்க குண்டூசி எல்லாம் அங்கதான் இருக்கு. இப்ப சொல்றதை எழுதிக்குங்க."

ஏட்டு அய்யா கையை நீட்டினார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவற்றை எப்போது வாயில் வைத்தேன் என்று எனக்குத் தெரியாது, அய்யாவுக்கும் தெரியாது. அவர் கொஞ்ச நேரம் ஈரக் குண்டூசிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதையும் தன் கையாலேயே இங்கே எழுதினார். மறுபடியும் குச்சி எடுக்கச் சிபாரிசு செய்வதாகவும், அப்போது நான் இரண்டு தெரு தள்ளி நிற்க வேண்டும் என்றும் சொன்னார். நான் இரண்டு கண்டம் தள்ளி நிற்கிறேன் என்றேன்.

எழுதியதை எல்லாம் அய்யா உரக்கப் படித்தார். அக்காவுக்கும் தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால், அவள் பக்கம் திரும்பி உதட்டை மெதுவாக அசைத்துப் படித்தார். படித்தது நான் சொன்னதுதான், யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. தாத்தா, கரடி, ஓநாய், கப்பல், திமிங்கிலம் எல்லாம் பொய் என்று இதன் மூலம் ஒத்துக்கொண்டு, வாய் காலியாக இருக்கும் நிலையில் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ஆணிவாயன்

கையெழுத்துக்குக் கீழே சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது: பொய்களை அய்யா ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வரும்போது, ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தச் சொன்னேன். நாடகக் கம்பெனி ஒன்று ராஜா வேடத்துச் சிங்காசனத்தைத் துணி மாற்றக் கொடுத்துவிட்டுக் கம்பெனியையே கலைத்துவிட்டது. திரும்ப வாங்க யாரும் வரவில்லை. கிழிந்த இருக்கைக்குள் புகுந்து, அந்தச் சிவப்பு வெல்வெட்டின் மேல்தான் மேம்பாலத்து வெள்ளை நாய் குட்டி போட்டது. அந்தத் தாய் இன்றும் அதில்தான் தூங்குகிறது, வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கும், அதற்கும் ஒரு குச்சி வைத்துப் பார்க்கலாம். மூட்டை சிங்காசனத்தில் பிறந்தது. அது மட்டும் உண்மை.