பதிகம் பிசகாத சாரதி

வெள்ளிக்கிழமைகளில் பூசை காணுமுன் நான் தேநீர் அருந்துவதில்லை, இன்ஸ்பெக்டர். அன்போடு தந்ததை ஒதுக்கிவிட்டேன் என்று எண்ணவேண்டாம்.

சாரதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் முதியோருக்கு உரும்பிராயில் மருத்துவச் சான்றிதழ் வழங்குபவன் நான். கண்ணோடு நினைவையும் சோதிக்கவேண்டும். மார்க்கண்டு அண்ணையை மணிக்கூடொன்று வரையச் சொன்னேன். எண்கள் யாவற்றையும் ஒரே பக்கத்தில் குவித்தார். நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொற்களில் ஒன்றேனும் அவரிடமிருந்து திரும்பி வரவில்லை.

“உதெல்லாம் சின்னப்பிள்ளையளுக்கு, டொக்டர்த் தம்பி. வேறை ஏதும் கேளும்,” என்று சிரித்தார்.

பதிகமொன்று பாடச் சொன்னேன். கண்மூடிப் பாடினார். முதற்பாட்டிலிருந்து முடிவுப் பாட்டான திருக்கடைக்காப்பு வரை ஓரெழுத்தும் பிசகவில்லை, பண்ணும் வழுவவில்லை. இறைவன் நீங்காத நெஞ்சில் மறதி எங்ஙனம் குடியேறும்?

அவரை வெளியே இருத்திவிட்டு மகள் பத்மாசினி உள்ளே வந்தாள்.

“டொக்டர், கையெழுத்து வையாதேங்கோ. நேற்று பிரேக் எதெண்டு என்னட்டைக் கேட்டவர். நான் சொன்னா ஏசுறார். நீங்கள் மறிச்சாக் கேப்பார்.”

“பிள்ளை, அவரைக் கோயிலுக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?”

“ஓட்டோ இருக்குத்தானே.”

ஓட்டோவில் ஏற அவர் மானம் இடங்கொடாது என்பதை நான் அறிவேன். வெள்ளிதோறும் சந்நிதியில் அவர் பாட, தூணருகே நின்று கேட்பதே எனக்கு எஞ்சியிருந்த இன்பம். அவர் வராவிட்டால் அங்கே ஒலிபெருக்கிதான் பாடும். ஆகையால் கையெழுத்திட்டேன். மூன்று சொற்களும் நினைவிருந்தன என்றும் எழுதினேன்.

சென்ற வெள்ளி மாலை, கார் வெளியேறுவதற்காகப் பத்மாசினி கேற்றைத் திறந்துகொண்டு நின்றாள். நிறுத்த எண்ணிய அண்ணை வேகமிதியை மிதித்தார். அவளை மதிலிலிருந்து எடுத்தவர்களுள் நானும் ஒருவன்.

செத்தவீட்டில் உரலில் சுண்ணம் இடிக்கையில், திருப்பொற்சுண்ணம் பாட வந்தவர் தடுமாறினார். பிணையில் வந்திருந்த அண்ணை அதைத் தாமே எடுத்துப் பாடி முடித்தார். பின்பு என் கையைப் பற்றினார்.

“ஆரின்ரை செத்தவீடு, தம்பி? எனக்குக் கோயிலுக்கு நேரமாகுது. கேற்றைத் திறக்க உவள் பத்மாசினியையும் காணேல்லை.”

அவள் சொன்னது உண்மையென்பதை அன்றே அறிந்துதான் கையெழுத்திட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆயினும், இன்ஸ்பெக்டர், நீங்களும் அங்கே நின்று கேட்டிருக்கவேண்டும். ஓரெழுத்தும் பிசகவில்லை.