போன் கம்பெனியில் ஒரு சம்மதம்

காலையில் சுங்குவார்சத்திரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் அலுத்துக்கொண்டாள்.

“நாள் பூரா போன் செய்யறேன்க்கா, அவராண்ட ஒரு வார்த்தை போன்ல பேச முடியல.”

“உள்ள போனா லாக்கர்ல பூட்டிடணுமே. அவனும் உங்க கம்பெனிதான?”

“ஆமா, நைட் ஷிப்ட். அவரு வெளிய வரப்போ நான் உள்ள போறேன், நான் வெளிய வரப்போ அவரு உள்ள போறாரு. இன்னிக்கு நான் சரின்னு சொல்லலன்னா, அவுங்க வூட்ல வேற பொண்ணு பாத்துடுவாங்க.”

“தெனம் கம்பெனி கேட்டாண்ட எதுர்ல வரான் இல்ல? சொல்லேன்டி!”

“நேர்லயா? அய்யோ, வெக்கமா கீதுக்கா.”

“கம்பெனிக்காரன் பூட்டறது போனத்தான்டி, வாய இல்ல.”

கம்பெனி வாசல் வந்தது. இறங்கியவள், நைட் ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்தபடி, எங்கள் ஆட்டோ கிளம்பும்வரை உள்ளே போகவில்லை.